கைம்பெண்ணின் காசில் ஒரு திரைப்படம்

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், பங்கைச் சார்ந்த இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். குறும்படம் ஒன்று எடுக்கப் போவதாகச் சொன்னார். கடலுக்குச் சென்று திரும்பாத மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயைப் பற்றிய படம். பணம் போடுவதற்கு யாரேனும் இருக்கிறார்களா என்று கேட்டேன். “ஆள் வேண்டாம் சாமி. ஞாயிறு பூசை முடிவில் ஓர் அறிவிப்புக் கொடுத்தால் போதும். வீட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கி எடுக்கப் போகிறோம். ஜான் ஆபிரகாம் அப்படித்தானே எடுத்தார்?” என்றார்.

உடனே மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன். கோயில் உண்டியலுக்கும் திருவிழா வரிக்கும் ஆண்டுதோறும் கைநீட்டும் ஒருவன், திரைப்படத்திற்காகக் கைநீட்டும் இளைஞரைத் தயக்கத்துடன் நோக்குவது முரண்பாடு என்பது எனக்கே தெரிந்தது. ஆயினும் என் தயக்கம் பணத்தைப் பற்றியதன்று. ஏழைகளின் சிறுகாசைக் கொண்டு செய்யப்படும் கலைப்படைப்பு, அந்த ஒரு காரணத்தாலேயே உண்மையுள்ளதாகிவிடுமா? எளிமை என்பது கலைக்கு ஓர் அறமா, அல்லது வசதிக்குறைவுக்கு நாம் சூட்டும் அழகிய பெயரா? அந்த ஒரு வாரம் என் உள்ளத்தில் உழன்ற இக்கேள்விகளை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஒடேசா என்னும் கூட்டு

ஜான் ஆபிரகாம் 1937ஆம் ஆண்டு கேரளத்தில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயுள் காப்பீட்டுக் கழக வேலையை விட்டுவிட்டுப் புனேயில் திரைப்படக் கலை பயின்றார். அங்கே ரித்விக் கட்டக்கின் மாணவரானார். அவர் இயக்கிய முழுநீளப் படங்கள் நான்கே. அவற்றுள் ஒன்று தமிழுக்கு உரியது. வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுத, இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்த ‘அக்கிரகாரத்தில் கழுதை’ அது. தாயற்ற கழுதைக்குட்டி ஒன்றுக்கு இரங்கும் மனிதரையும், அந்த இரக்கத்தைப் பொறுக்கமாட்டாத ஓர் ஊரையும் காட்டிய அப்படம், 1977ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. விருது பெற்றும் அது பொதுமக்களின் பார்வைக்குப் பரவலாகச் செல்லவில்லை. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் என்று அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பின் காரணமாகக் கைவிடப்பட்டதும் உண்டு.

எடுத்த படத்தை மக்களிடம் கொண்டுசெல்லும் வழி பிறர் கையில் இருக்கும்வரை கலைஞனுக்கு விடுதலை இல்லை. இதை உணர்ந்தவராக அவர் 1984இல் நண்பர்களுடன் சேர்ந்து, கோழிக்கோட்டை மையமாகக் கொண்டு ‘ஒடேசா’ என்னும் மக்கள் திரைப்படக் கூட்டை உருவாக்கினார். ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டம்கின்’ (1925) படத்தில், ஒடேசா நகரத்துப் படிக்கட்டுகளில் மக்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சியை நினைவூட்டும் பெயர் அது. கூட்டின் வழிமுறை மிக எளியது. சாப்ளினின் ‘தி கிட்’ படச்சுருளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் செல்வது. மேளம் கொட்டி மக்களைக் கூட்டுவது. படத்தைக் காட்டிவிட்டுத் துண்டை ஏந்துவது. விழுந்த காசு எதுவோ அதுவே மூலதனம்.

அவ்வாறு உருவானதுதான் ‘அம்ம அறியான்’ (1986). தமிழ்க் காதுக்கு, அம்மாவை அறியாத ஒருவனைப் பற்றிய தலைப்புப்போல் இது ஒலிக்கும். மலையாளத்தில் ‘அம்மா அறிவதற்காக’ என்பது பொருள்; எல்லையோரத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தில்லிக்குப் புறப்பட்ட புருஷன் என்னும் இளைஞன் வழியில் ஒரு பிணத்தைக் காண்கிறான். இறந்தவன் ஹரி என்னும் தபலா கலைஞன் என்பது பின்னர் தெரியவருகிறது. கொச்சியில் இருக்கும் அவனுடைய தாய்க்குச் செய்தி சொல்லியாக வேண்டும். வயநாட்டிலிருந்து கொச்சிவரை, ஊருக்கு ஊர் ஹரியின் நண்பர்கள் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். ஒருவனாகப் புறப்பட்டவன் பலராகச் சென்று அந்தத் தாயின் வாசலை அடைகிறான். படத்தின் பெரும்பகுதி அந்த வழிநடைதான். கறுப்பு வெள்ளையில் அதை ஒளிப்பதிவு செய்த வேணு தேசிய விருது பெற்றார். படம் முடிந்ததும், காசு கொடுத்த ஊர்களுக்கே அது திரும்பிச் சென்றது.

மறு ஆண்டு, 1987 மே மாத இறுதியில், கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து விழுந்து ஜான் இறந்தார். வயது நாற்பத்தொன்பது. அவருக்குப் பின் அந்தக் கூட்டு ஆவணப்படங்களை எடுத்தது. ‘அம்ம அறியான்’ போன்ற மற்றொரு முழுநீளக் கதைப்படம் அதனிடமிருந்து வரவில்லை. எண்ணிக்கையைக் கொண்டு அளந்தால் இது மிகச் சிறிய இயக்கம். அப்படியிருந்தும், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நம் கடற்கரை இளைஞர் ஒருவர் அப்பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறார். இது எதனால்?

மூவகை ஏழ்மை

ஒரே சொல் பல பொருள்களை மறைத்துக்கொண்டு நிற்கும்போது, முதலில் அவற்றைப் பிரித்துக் காண வேண்டும் என்று குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள். கலையின் ஏழ்மையை மூன்றாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, சுமத்தப்பட்ட ஏழ்மை. இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலையாளத்தின் முதல் திரைப்படமாகிய ‘விகதகுமாரன்’ படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் நம் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். நிலத்தை விற்றுப் படமெடுத்தார். அவரே எழுதினார், அவரே இயக்கினார், அவரே நடித்தார். அது வெளிவந்த ஆண்டை 1928 என்போரும் 1930 என்போரும் உண்டு. அது அவருக்குத் தோல்வியாக முடிந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பல் மருத்துவராகப் பிழைத்து, முதுமையில் வறுமையுற்று, 1975இல் அகஸ்தீஸ்வரத்திலேயே மறைந்தார். இன்று கேரள அரசு திரைத்துறையில் வழங்கும் மிக உயரிய விருது அவர் பெயரால் அமைந்தது. வாழ்ந்த காலத்திலோ அவருடைய ஏழ்மையைப் பகிர்ந்துகொள்ள ஒருவரும் இல்லை. தனியொருவன்மேல் விழுந்த அந்தப் பாரம் அவரை நசுக்கியது. இவ்வகை ஏழ்மையைப் போற்றுவது கொடுமை. அதைத் துடைப்பதே அறம்.

இரண்டாவது, விரதமாக ஏற்றுக்கொண்ட ஏழ்மை. 1995 மார்ச் மாதத்தில், திரைப்படத்தின் நூறாண்டு நிறைவையொட்டிப் பாரிசில் நடந்த கூட்டம் ஒன்றில், டென்மார்க் இயக்குநர் லார்ஸ் வான் ட்ரியர் எழுந்து சிவப்புத் துண்டறிக்கைகளை அவையினர்மேல் வீசினார். அவரும் தாமஸ் விந்தர்பெர்கும் வகுத்த ‘டாக்மா 95’ என்னும் கொள்கை அது. அதிலுள்ள பத்துக் கட்டளைகளுக்கு அவர்கள் இட்ட பெயர் நம்மைத் திடுக்கிட வைக்கும்: ‘கற்பு வார்த்தைப்பாடு’. கதை நிகழும் இடத்திலேயே படம்பிடிக்க வேண்டும். அங்கில்லாத பொருளை வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. கேமரா கையிலேயே இருக்க வேண்டும். தனியாக விளக்குப் போடக் கூடாது. காட்சி எடுக்கும் இடத்தில் ஒலிக்காத இசையைப் பின்னர் சேர்க்கக் கூடாது. இயக்குநரின் பெயரும் படத்தில் வரக் கூடாது. இந்த விதிகளின்படி விந்தர்பெர்க் எடுத்த ‘ஃபெஸ்டன்’ 1998இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுப் பரிசைப் பெற்றது. பின்னர் அவர், ஒரு காட்சிக்காகச் சன்னலொன்றைத் துணியால் மறைத்துவிட்டதாக வெளிப்படையாகப் பாவசங்கீர்த்தனம் செய்தார்! விளையாட்டும் விரதமும் கலந்த செயல்தான். எனினும், ஒரு சன்னல் துணியைக்கூட மனச்சான்றின் வினாவாக்கியதில் பொருளில்லாமல் இல்லை.

ஆனால் அந்த விரதம் விரைவிலேயே பாணியாயிற்று. உலகெங்குமிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் ‘டாக்மா’ சான்றிதழ் பெற்றன. நடுங்கும் கேமரா நேர்மையின் முத்திரையாகக் கொள்ளப்பட்டது. விளம்பரப் படங்களும் அவ்வாறே நடுங்கத் தொடங்கின. எந்த வாய்பாட்டிலிருந்து விடுபட வந்தார்களோ, அவ்வாறே இதுவும் ஒரு வாய்பாடாகிவிட்டது என்று கண்டு, 2002இல் அந்தச் சான்றிதழ் அலுவலகத்தை மூடிவிட்டனர். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. செல்வத்தைப் பற்றிய பெருமையைக் கண்டுகொள்வது எளிது. கிழிந்த அங்கியைப் பற்றிய பெருமையோ அங்கியின் மடிப்புக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

மூன்றாவது, பகிர்ந்துகொண்ட ஏழ்மை. ஒடேசாவின் ஏழ்மை இவ்வகையைச் சார்ந்தது. டேனியல் தம் உடைமையை விற்றார். இழப்பும் அவர் ஒருவருடையதாயிற்று. டாக்மா இயக்கத்தார் தமக்குத்தாமே விதி வகுத்தனர்; அதை மீறினால் கேட்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே இருந்தது. ஜானும் நண்பர்களுமோ, முன்பின் அறியாத பல்லாயிரம் பேரிடம் கடன்பட்டனர். திருப்பிச் செலுத்த வேண்டாத கடன். ஆனால் கணக்குக் கொடுக்க வேண்டிய கடன். அவ்வியக்கத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். கறுப்பு வெள்ளை, தொழில்முறை சாராத முகங்கள், நீண்ட வழிநடை ஆகியவை அதன் புறத்தோற்றம். யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்ற உணர்வே அதன் அகம்.

‘மக்கள்’ என்னும் சொல்

இங்கு இரண்டு மறுப்புகள் எழும். அவற்றைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது.

மக்களின் காசு என்பதால் மட்டும் ஒரு செயல் நீதியுள்ளதாகிவிடுமா? ‘விகதகுமாரன்’ படத்தில் உயர்சாதிப் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி என்னும் தலித் பெண். திருவனந்தபுரத்தில் அப்படம் திரையிடப்பட்டபோது, அதைப் பொறுக்காதவர்கள் கல்லெறிந்து திரையைக் கிழித்தார்கள். அவர் ஊரைவிட்டுத் தப்பியோட நேர்ந்தது. பெயரை மறைத்துக்கொண்டு நம் நாகர்கோவில் பக்கமே வாழ்ந்து மறைந்தார் என்பர். கல்லெறிந்தவர்களும் மக்கள்தாம், காசு கொடுத்துப் படம் பார்க்க வந்தவர்கள்தாம். ஆகவே, மக்கள் தந்தது என்பதனாலேயே அக்காசு எதையும் புனிதமாக்கிவிடுவதில்லை.

இரண்டாவது மறுப்பு. ‘அம்ம அறியான்’ எளிதில் விளங்கும் படமன்று. கதை நேர்கோட்டில் செல்வதில்லை. ஆவணமும் கற்பனையும் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. சாப்ளினைக் கண்டு சிரித்துக் காசு போட்ட உழைப்பாளிக்கு, தன் காசில் உருவான படம் விளங்காமற்போனால் அது ஏமாற்றமாகாதா?

இவ்விரண்டிற்கும் விடை ஒன்றே என்று எண்ணுகிறேன். மக்களுக்குக் கணக்குக் கொடுப்பது வேறு. மக்களைக் களிப்பூட்டுவது வேறு. நோயாளியின் காசைப் பெறும் மருத்துவர் அவருக்குக் கடன்பட்டவர்தாம். அதற்காக அவர் கேட்ட இனிப்பை எழுதிக் கொடுப்பதில்லை. உண்மையைச் சொல்வதே கடனைச் செலுத்தும் முறை. அதே வேளையில், “உனக்கு விளங்காது” என்று முதுகைக் காட்டிச் செல்வதற்கும் கடன்பட்டவனுக்கு உரிமையில்லை. படத்தைச் சுமந்துகொண்டு அவன் வாசலுக்கே செல்ல வேண்டும். அவன் கேட்கும் கேள்விக்கு நின்று விடை சொல்ல வேண்டும். ஒடேசா தன் படத்துடன் ஊர்களுக்குத் திரும்பிச் சென்றதில் இந்த நேர்மை இருந்தது.

காசை வாங்கியவர்

ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக் காசுகளைப் போட்ட நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இதைப் பற்றி நான் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். பெரும்பாலும் கொடுத்தவளின் பெருந்தன்மையைப் புகழ்ந்தே பேசினேன். கோயில் கட்டுமானப் பணி நடக்கும் ஆண்டுகளில் சற்று அதிகமாகவே புகழ்ந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்நிகழ்ச்சிக்கு முந்திய வசனத்தை நெடுங்காலம் நான் கவனித்ததில்லை. கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரைப் பற்றிய கடுமையான எச்சரிக்கை அங்கே உள்ளது. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது, பார்வை கொடுத்தவளிடமிருந்து வாங்கியவர்மேல் திரும்புகிறது. அந்த இரண்டு காசுகள் எங்கே சென்றன? எந்தக் கல்லாயின? யாருடைய விருந்தாயின? ஏழையின் காசு, கொடுப்பவருக்குப் புண்ணியம் எனில், வாங்குபவருக்கு அது தீர்ப்பு.

ஒடேசா நமக்கு விட்டுச்சென்ற கேள்வி இதுவே. அக்கேள்வி வெவ்வேறு உருவில் தொடர்ந்து வந்திருக்கிறது. நமக்கு அண்டைநாடான நெல்லைச் சீமையில், 1999 சூலை 23ஆம் நாள், கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் சென்ற மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுக்குத் துணைநின்றவர்களும் தாக்கப்பட்டுத் தாமிரபரணியில் பதினேழு பேர் மாண்டனர். அதை ‘நதியின் மரணம்’ என்னும் ஆவணப்படமாக்கியது பெரும் நிறுவனம் எதுவுமன்று. திருநெல்வேலியில் திரைப்படச் சங்கமாகத் தொடங்கிய ‘காஞ்சனை’ அமைப்பினர். திருவனந்தபுரத்தில் சனல்குமார் சசிதரன் 2014இல் எடுத்த ‘ஒராள்பொக்கம்’ பலரின் சிறு பங்களிப்பால் உருவானது. இன்று கணினி வழியாகப் பொதுமக்களிடம் பணம் திரட்டிப் படமெடுப்பது வழக்கமாகிவிட்டது.

கருவியின் நிலைமையும் மாறிவிட்டது. ஜானின் காலத்தில் படச்சுருளுக்கே பெருஞ்செலவு. இன்று வலைபின்னும் இளைஞனின் சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறது. குறைந்த செலவில் எடுப்பது இனி ஒரு விரதமே அன்று. எல்லாருக்கும் வாய்த்த வசதி. டென்மார்க்கிலும் சுவீடனிலும் உள்ள இயக்குநர் ஐவர் 2025 மே மாதம் ‘டாக்மா 25’ என்று புதிய விதிகளை அறிவித்தபோது, கதையைக் கையால் எழுத வேண்டும், படைப்புப் பணியில் இணையத்தை நாடக் கூடாது என்று சேர்த்துக்கொண்டார்கள். காலத்திற்கு ஏற்றபடி எதைத் துறப்பது என்பது மாறுகிறது. துறந்தது யாருக்காக என்ற கேள்வி மாறுவதில்லை.

ஒரு நாற்காலி

இந்தக் கேள்வி என்னைச் சுடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தால் நான் பொய்யனாவேன்.

2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் கடலைக் கலக்கியபோது, நான் ஒரு கடற்கரைப் பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். கரையில் நின்றவர்களுக்கு அந்த நாள்களைப் பற்றி எழுதிக் காட்ட வேண்டியதில்லை. பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றோம். சில வாசல்களில் செய்தி இருந்தது. சில வாசல்களில் செய்தியில்லை என்பதே செய்தியாக இருந்தது. புயல் ஓய்ந்த சில நாள்களில் கேமராக்கள் வந்தன. அவை வந்ததால் நன்மையும் விளைந்தது. நம் மக்களின் குரல் வெளியே கேட்டது. அப்படி வந்த குழு ஒன்றை, மகனை இழந்த தாய் ஒருவரின் வீட்டிற்கு நானே அழைத்துச் சென்றேன்.

அவர் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். பேசும்போதே உடைந்து அழுதார். படம்பிடித்தவர், வெளிச்சம் போதவில்லை, வாசற்பக்கம் வந்து அமர்ந்து இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று பணிவாகவே கேட்டார். அவரை நான் குறைகூற மாட்டேன். அவர் தம் வேலையைச் செய்தார். நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டவன் நான். மின்விசிறியின் ஒலி இடையூறாக இருக்கிறது என்றபோது அதை நிறுத்தியவனும் நானே. அந்தத் தாய் எழுந்து வந்து அமர்ந்தார். கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து, “இன்னும் ஒருக்கா அழணுமா சாமி?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. சாமி சொன்னால் செய்ய வேண்டும் என்ற கீழ்ப்படிதல்தான் இருந்தது. அதுவே என்னை இன்றுவரை உறங்கவிடாமல் செய்கிறது.

பல ஆண்டுகள் கழித்து ‘அம்ம அறியான்’ படத்தைப் பார்த்தபோதுதான் நான் செய்த பிழை இன்னதென்று விளங்கியது. ஒரு தாயின் துயரம் கேமராவுக்கு மிக எளிதில் கிடைக்கும் பொருள். அதை அந்தப் படம் முதலிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அவளிடம் செல்லும் தகுதியைப் பெறுவதற்காக ஒரு மாநிலத்தின் பாதி நீளத்தை நடக்கிறது. ஒவ்வொரு நண்பனின் வாசலிலும் காத்திருக்கிறது. அவளிடம் எதையும் வாங்கிச் செல்ல அவர்கள் வரவில்லை. அறிவிக்க வேண்டிய கடனைத் தீர்க்க வருகிறார்கள். நானோ, அவளுடைய வெளிச்சத்தையும் காற்றையும் அழுகையையும் அவளிடமிருந்து எடுத்துப் பிறருக்குக் கொடுத்தேன். கைம்பெண்ணின் காசை எடுத்துச் செலவழித்தேன், கணக்குக் காட்டவில்லை.

ஆகவே, நான் புரிந்துகொண்ட அளவில், கலையில் எளிமை என்பது செலவைக் குறைப்பதன்று. பிறரிடமிருந்து எடுத்துக்கொள்வதைக் குறைப்பது. விளக்கு வேண்டாம் என்னும் விதி, அந்தத் தாயை இருந்த இடத்திலேயே இருக்கவிட்டால் அறமாகிறது. நடுங்கும் கேமராவால் அவளுடைய கண்ணீரை இன்னும் நெருங்கிப் பறித்தால், அதே விதி கொள்ளையாகிறது. தன் படைப்பில் இடம்பெறும் மனிதருக்கும், அதற்குக் காசு தந்த மனிதருக்கும் கலைஞன் கடன்பட்டவன். இந்த இருவரின் முகமும் நினைவில் இருக்கும்வரை, பெரும்பொருள் செலவழித்தாலும் அவன் ஏழையாகவே இருப்பான். அவர்களை மறந்துவிட்டால், பத்து ரூபாயில் எடுத்த படமும் அவனுக்கு ஆடம்பரமே.

மறுமொழி

ஒரு வாரம் கழித்து அந்த இளைஞர் வந்தார். அறிவிப்புக் கொடுக்கிறேன் என்றேன். கூடவே மூன்று நிபந்தனைகளைச் சொன்னேன். வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் எழுதிக் கோயில் முகப்பில் தொங்கவிட வேண்டும். படம் முடிந்ததும் போட்டிகளுக்கும் விழாக்களுக்கும் அனுப்புவதற்கு முன்பாக, கடலில் ஆளை இழந்த குடும்பங்களுக்கு நம் கோயில் மைதானத்தில் போட்டுக்காட்ட வேண்டும். படத்தில் தம் முகமும் குரலும் வருகிற எவரேனும் அதைப் பார்த்தபின் “வேண்டாம்” என்று சொன்னால், அது எவ்வளவு சிறந்த காட்சியாயினும் நீக்கிவிட வேண்டும்.

முதல் இரண்டையும் உடனே ஏற்றுக்கொண்டார். மூன்றாவதைக் கேட்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “அப்படியானால் படமே இல்லாமல் போனாலும் போகலாமே, சாமி?” என்றார். “போகலாம்” என்றேன். அந்த நாற்காலியின் கதையையும் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல் எழுந்து சென்றார். மறுநாள் காலையில் தடித்த அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றுடன் திரும்பி வந்தார்.

படம் இன்னும் முடியவில்லை. நோட்டுப் புத்தகம் மட்டும் கோயில் முகப்பில் ஓர் ஆணியில் தொங்குகிறது. பூசைக்கு வரும் மூதாட்டியர் சிலர் அதை எடுத்து, எழுத்துத் தெரிந்த பேரப்பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அதற்குப் பக்கத்து ஆணியில், கோயில் கட்டட நிதிக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிட்டிருக்கிறேன்.